துஷாந்தியின் முகம்

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஊர்காவற்றுறைக் கரையில் படகை ஏற்றிவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளை மணலிலேயே சாய்ந்துவிட்டார். நனைந்த வலை குவியலாகக் கிடந்தது. ரோச் வெளிச்சத்தில் அவருடைய மனைவி பிலோமினம்மாவும் மகள் அனோஜினியும் குந்தியிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நண்டின் காலை வலைநூல் எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாலும் கால் ஒடியக்கூடாது. நண்டு வாங்க வருகிற கொம்பனிக்காரன் ஒடிந்ததைக் காலால் ஒருபக்கம் தள்ளிவிடுவான். உப்பில் ஊறி அனோஜினியின் விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன. நகக்கண்ணில் முள் ஏறிய இடம் விண்விண்ணென்று வலித்தது.

"கழட்டினது காணும் பிள்ளை, எழும்பு. வேலைக்கு நேரமாகுது" என்றாள் தாய்.

"இன்னும் அரைவாசி கிடக்கே அம்மா."

"கிடக்கட்டும், நான் பாப்பன். பிந்தினால் உன்ர முதலாளி வாயைத் திறப்பான்."

அனோஜினி கையைக் கழுவி, தேசிக்காய்ப் பாதியை விரல்களில் தேய்த்து மணத்தைப் போக்கிக்கொண்டு நடந்தாள். இருட்டில் ஒரு வேலையை விட்டுவிட்டு இருட்டிலேயே அடுத்த வேலைக்குப் போவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அடுத்த வேலை கடற்கரைத் தெருவின் கோடியில், ஒரு பழைய கல்வீட்டுக்குள். வெளிச்சம் பட்டால் திரையில் நிறம் பிழைக்கும் என்று சன்னல்களெல்லாம் கறுப்புத் துணியால் மூடப்பட்டிருந்தன. உள்ளே வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். ஒவ்வொரு திரையிலும் ஒரு மணமகள்.

'கூறை' என்ற சஞ்சிகையை வெளிநாட்டுத் தமிழரில் பலர் அறிவார்கள். கலியாணப் புடவை, நகை, தலையலங்காரம் என்று வழுவழுத்த தாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரொறன்ரோவில் வெளிவந்தது. புடவைக்கடைக் கண்ணாடி மேசைகளில் அதை அடுக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து, 'இதே கரை வேணும்' என்று கேட்பார்கள். பிறகு கைப்பேசி வந்தது. விளம்பரம் கொடுத்த கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தாளை நிறுத்திவிட்டு, அதன் சொந்தக்காரன் நிமலன் இணையத்துக்கு மாறினான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த புத்தகம் நாளுக்கு நாள், பிறகு மணிக்கு மணி வரத் தொடங்கியது. அத்தனை படத்தையும் வெட்டித் திருத்த ரொறன்ரோவில் ஆள் வைக்க அவனுக்குக் கட்டுபடியாகவில்லை. சிறுவயதில் விட்டுப்போன ஊருக்கே திரும்பி வந்தான். கல்வீட்டைத் திருத்தினான். திறப்புவிழாவுக்குத் தேவாலயத்துச் சுவாமியும் வந்தார், கோயில் ஐயரும் வந்தார். ஊருக்கு வேலை கொண்டுவந்த பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அது பொய்யும் இல்லை. நண்டும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், கதிரையில் இருந்து செய்கிற வேலை பெண்களுக்குப் பெரிய காரியமாகவே இருந்தது. மணமகளின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். காற்றில் பறக்கிற ஒரு மயிர்கூட அறுபடக்கூடாது. வெட்டியவளை ஒரு மாளிகை முன்னால் நிறுத்த வேண்டும். முகத்துப் பருவை அழித்து, தோலை இரண்டு படி வெளுப்பாக்க வேண்டும்.

"எங்கட நிறத்தில ஒருத்திக்கும் கலியாணம் நடக்காது போல" என்று துஷாந்தி சொல்லிச் சிரிப்பாள்.

துஷாந்தி அனோஜினிக்குப் பக்கத்துக் கதிரை. சரவணையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். தகப்பன் இல்லை. தாய் கமலாதேவி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய் வளர்த்த ஒரே பிள்ளை. வேலை செய்யும்போது அவளுக்கு வாய் ஓயாது. திரையில் வருகிற ஒவ்வொரு மணமகளுக்கும் ஒரு கதை சொல்லுவாள். "இவள் விடிய அழுதுபோட்டு வந்து நிக்கிறாள், கண்ணைப் பார். இவளுக்குக் காப்பு இறுக்கம், எப்படா கழட்டுவம் எண்டு நிக்கிறாள்." மத்தியானம் தன் புட்டில் பாதியை அனோஜினியின் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, அவளுடைய நண்டுக் குழம்பை இழுத்துக்கொள்வாள். தாய் சைவம். வீட்டில் நண்டின் பேரே எடுக்க ஏலாது.

முன்பு இது பகல் வேலை. ஆவணி மாதத்தில் ஒருநாள் நிமலன் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினான்.

"பிள்ளையள், இனிப் பகல் வேலை இல்லை. கனடாவில சனம் வேலையால வந்து, சாப்பிட்டுப்போட்டுப் போனோட சரியிற நேரம்தான் எங்களுக்கு முக்கியம். அங்கத்தைய பின்னேரம் இஞ்சை விடியப்புறம். அந்த நேரத்தில பக்கம் நிரம்பியிருக்கவேணும். நாளையில இருந்து நாலரைக்கு எல்லாரும் கதிரையில இருக்கவேணும்."

"அண்ணை, வீட்டை இருந்து செய்யேலாதே?" என்று கம்சிகா கேட்டாள். இறுப்பிட்டிப் பெண். வேலைக்காக ஊர்காவற்றுறையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

"ஏலாது. படங்கள் வெளியில போயிடும்."

துஷாந்தி கையை உயர்த்தினாள். "சரவணையில இருந்து அந்த இருட்டுக்குள்ள வாறதெண்டால் கஷ்டம் அண்ணை. றோட்டில லைற் இல்லை. மாடெல்லாம் தாரில படுத்துக் கிடக்கும்."

"மெதுவா வாரும்" என்றான் நிமலன். "ஆனா நேரத்துக்கு வாரும்."

எல்லாரும் சிரித்தார்கள். துஷாந்தியும் சிரித்தாள்.

அதே மாதத்தில்தான் கொழும்பிலிருந்து ஒருவன் விளக்குகளோடும் கமராவோடும் வந்தான். வேலை செய்கிற பெண்களுக்கே கூறைப்புடவை உடுத்து, நகை பூட்டி, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு, சிரி, சிரிக்காதே என்று நாள் முழுக்கப் படம் எடுத்தான். "சும்மா ஒரு ரெஸ்ற், சோதிச்சுப் பாக்கத்தான்" என்றான் நிமலன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மற்றவர்களை மணமகளாக்கியே பழகியவர்களுக்கு அன்று ஒரு திருநாள் மாதிரி இருந்தது. சிவப்புக் கூறையில் துஷாந்தி கண்ணாடி முன்னால் நின்று அசையவே இல்லை. உதட்டுக்குக் கீழே நாடியில் இருந்த பழைய தழும்பை மட்டும் விரலால் மறைத்துப் பார்த்தாள்.

"அனோ, இந்தப் படம் உன்ர கைக்கு வந்தால் இதை அழிச்சுவிடு, என்ன?"

"அழிக்கமாட்டன். அதுதான் உனக்கு வடிவு."

சில வாரங்களில் புதிய மென்பொருள் வந்தது. மயிர் மயிராக அவர்கள் வெட்டியதை அது கண் மூடித் திறப்பதற்குள் வெட்டியது. பிறகு வெட்டுவதற்கே படம் தேவையில்லாமல் போயிற்று. மணமகளையே அது செய்துகொண்டது. பெண்களின் வேலை, அது விட்ட பிழைகளைத் திருத்துவதாகச் சுருங்கிப்போனது. ஒட்டிப்போன பல்லைப் பிரிப்பது, காதுக்குள் புதைந்த தோட்டை வெளியே எடுப்பது, கூடிப்போன விரலை அழிப்பது. வெட்டுவதைவிடத் திருத்துவதற்கு நேரம் பிடித்தது. ஆனால் திருத்தம்தானே என்று படத்துக்கான கூலியைப் பாதியாக்கினான் நிமலன். போன அந்தப் பாதியை ஈடுகட்ட எல்லாரும் இன்னும் முந்தி வரத் தொடங்கினார்கள்.

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியப்புறம், துஷாந்தியின் கதிரை வெறுமையாக இருந்தது.

"ஏன் இன்னும் வரேல்லை எண்டு ஒருக்கா அடிச்சுக் கேளும்" என்றான் நிமலன்.

அனோஜினி அழைத்தாள். கனநேரம் மணியடித்தது. பிறகு ஒரு ஆணின் குரல் கேட்டது. பின்னால் மழை இரைச்சல்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது? இந்தப் போன்காரப் பிள்ளையின்ர வீட்டு ஆக்களே? நான் பேக்கரியில இருந்து பாண் கொண்டு போறனான். இஞ்சை மதகடியில விழுந்து கிடக்கிறா. மாட்டுக்கு விலத்தியிருக்கிறா போல. அம்புலன்சுக்கு அடிச்சிருக்கு. ஆரும் கெதியா வாங்கோ."

அனோஜினி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் வண்டி போய்விட்டிருந்தது. மதகுக் கட்டில் ஒற்றைச் செருப்புக் கிடந்தது. புட்டுப் பெட்டி திறந்து, புட்டு மழைத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணம் போய்ச் சேருமுன்னே துஷாந்தியின் உயிர் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

செத்தவீட்டுக்கு நிமலன் வரவில்லை. 'கூறை குடும்பத்தினர்' என்று எழுதிய மலர்வளையம் ஒன்று வந்தது. வேலைக்கு வரும் வழியில் செத்தவளின் தாய்க்கு ஏதாவது செய்யவேண்டாமா என்று பெண்கள் கேட்டபோது, அவன் கதிரையைச் சுழற்றிக்கொண்டு சொன்னான்:

"எனக்கும் கவலைதான். ஆனா அவா எங்கட சம்பள ஸ்ராவ் இல்லைப் பிள்ளையள். நீங்கள் ஒருத்தரும் இல்லை. படத்துக்குக் காசு வாங்கிறனீங்கள், அவ்வளவுதான். றோட்டில நடந்ததுக்கு நான் என்ன செய்ய?"

எல்லாரும் கலைந்து போனார்கள். அன்றைக்கு அனோஜினிக்குள்ளும் எதுவுமே எழும்பவில்லை. மற்றவர்களைப்போல அவளும் திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருந்தாள். பக்கத்துக் கதிரைக்கு முன்னால் இருந்த கணினியைச் சில நாட்களில் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை இருக்கும். வழக்கம்போல அனோஜினி திரையைத் திறந்தாள். அன்றைய முதல் படம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழாகத் தெளிந்தது. உச்சிப்பட்டம். நெற்றி. கண்.

அனோஜினி கதிரையை முன்னால் இழுத்தாள்.

சிவப்புக் கூறை உடுத்து, கழுத்தில் மாலையோடு துஷாந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தோல் வெளுத்திருந்தது. மூக்குக் கொஞ்சம் கூராகியிருந்தது. ஆனால் சிரிப்பு அவளுடையது. சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குவதும் அவளுடையது. நாடியில் அந்தத் தழும்பும் இருந்தது. மாலையைப் பிடித்திருந்த கையில் ஆறு விரல்கள் இருந்தன. ஓரத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு ஓடியது: நேற்று வெளியான படம், கையைத் திருத்தவும், அவசரம்.

இறந்துபோனவளின் கையைத் திருத்தச் சொல்லி அனோஜினிக்கு வந்திருந்தது. அவள் எழும்பி நின்று நிமலனைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

நிமலன் வந்து குனிந்து பார்த்தான்.

"இது துஷாந்தி" என்றாள்.

"இல்லை. இது நிலா. எங்கட புது மொடல்."

"துஷாந்தியின்ர முகம் அண்ணை."

"உங்கள் எல்லாற்ற படத்தையும் குடுத்துத்தானே அந்த மிசினைப் பழக்கினது. எல்லா முகத்தையும் கலந்து அது ஒண்டைச் செய்யும். அது ஒருத்தற்ற முகமும் இல்லை."

"அப்ப நாடியில இருக்கிற தழும்பு ஆற்ற?"

நிமலன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். உண்மையாகவே அதை அப்போதுதான் கண்டான் போலிருந்தது. ஒரு கணம் அவன் முகமும் மாறியது. பிறகு நிமிர்ந்தான்.

"அது பிழை" என்றான். "அதையும் எடுத்துவிடும்."

கல்வீட்டுக்குள் மவுஸ் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நான் எடுக்கமாட்டன்."

"என்ன?"

"நான் தொடமாட்டன் அண்ணை. செத்தவளை நீங்கள் விக்கிறியள். எங்களிட்டக் கேட்டே எங்கட படத்தை அதுக்குக் குடுத்தனீங்கள்? ரெஸ்ற் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

நிமலனின் குரல் இறங்கியது. கோபத்தைவிடக் களைப்பே அதில் கூட இருந்தது.

"இஞ்சை பாரும் அனோஜினி. ஒரு மொடல், போட்டோக்காரன், மேக்கப்காரி, மண்டபம். அந்தக் காலம் முடிஞ்சுது. புத்தகம் செத்துப்போச்சு. சனம் விரலால தள்ளுற நேரத்துக்குள்ள கண்ணைப் பிடிக்காட்டி அடுத்த இடத்துக்குப் போயிடும். இதை நான் செய்யாட்டி இன்னொருத்தன் செய்வான். அப்ப நான் இந்தக் கதவைப் பூட்டவேணும். நீர் பிறகு நண்டுதான் கழட்டப்போகவேணும்."

"நான் இப்பவும் நண்டு கழட்டிப்போட்டுத்தான் வாறன் அண்ணை. அங்கை நண்டுதான் சாகுது."

அவன் முகம் இறுகியது. "விருப்பமில்லாட்டி வெளிக்கிடும். கம்சிகா, இந்தப் படத்தை நீர் எடும்."

அனோஜினி கம்சிகாவைப் பார்த்தாள். கம்சிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தம்பி ஒருவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குப் படிப்புச் செலவு இந்தக் கதிரையிலிருந்துதான் போகிறது. அது எல்லாருக்கும் தெரியும். அனோஜினி தனியே வெளியே வந்தாள். வெளியே நல்லாய் விடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தாயிடம் நடந்ததைச் சொன்னாள். பிலோமினம்மா முதலில் ஏசத்தான் செய்தாள். "வேலையை எறிஞ்சுபோட்டு வந்து நிக்கிறியே, கொப்பருக்கு எத்தினை நாளைக்குக் கடல் ஏலும்?" பிறகு படத்தைப் பற்றிக் கேட்டதும் கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டு இருந்துவிட்டாள்.

மத்தியானம் படலை திறந்த சத்தம் கேட்டது. கம்சிகா நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். கம்சிகாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"விரலை அழிச்சுப்போட்டன் அக்கா" என்றாள். "தழும்பில கையை வைக்க ஏலாமல் போச்சு. வைச்சுப் பாத்தன். அவள் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருந்துது. அண்ணை அதைப் பக்கத்து மிசின் ஜெயந்தா அக்காவிட்டக் குடுத்தார். அவாவும் மாட்டன் எண்டிட்டா. பிறகு தானே இருந்து அழிக்கிறார்."

அந்தப் படத்தை எடுக்கவைக்க வேண்டும், முறைப்பாடு போடவேண்டும், பேஸ்புக்கில் எழுதவேண்டும் என்று ஒரே நேரத்தில் எல்லாரும் கதைத்தார்கள். குசினிக்குள்ளிருந்து பிலோமினம்மாவின் குரல் வந்தது.

"பெத்தவளைக் கேட்டனீங்களே? அவளைக் கேக்காமல் நீங்கள் என்னத்தை எடுக்கச் சொல்லப்போறியள்?"

பின்னேர பஸ்ஸில் அனோஜினியும் கம்சிகாவும் சரவணைக்குப் போனார்கள். இந்தச் செய்தியைத் துஷாந்தியின் தாய்க்கு எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துப் பார்த்தும் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

கமலாதேவி வாசலில் இருந்து வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் துஷாந்தியின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாட்டி, விளக்கு வைத்திருந்தது. பெருப்பித்ததில் முகம் கலங்கிப்போய், ஆளைச் சரியாகத் தெரியவில்லை. வந்தவர்களைக் கண்டதும் கமலாதேவி எழும்பி, மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

"பிள்ளையள், இதைப் பாத்தனீங்களே? கனடாவில இருக்கிற மச்சாள் அனுப்பினவா. எங்கட துஷாந்தி மாதிரி எண்டு. மாதிரியே? அவள்தான்."

தழும்போடு இருந்த படம். முதலில் வெளியானது அது. அனோஜினி தெரிந்ததையெல்லாம் சொன்னாள். எப்படி எடுத்தார்கள், எப்படிச் செய்தார்கள், தழும்பை அழிக்கச் சொன்னது, தான் எழும்பி வந்தது. "எடுக்கவைப்பம் அன்ரி. எப்பிடியும் அதை எடுக்கவைப்பம்."

கமலாதேவி கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எடுக்கச் சொல்லாதேங்கோ."

கம்சிகா அனோஜினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தினை சம்பந்தம் வந்து குழம்பினது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கூறை உடுத்து அவளை ஒருக்காப் பாக்கவேணும் எண்டுதான் நான் இருந்தனான். நேற்றையில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். சாப்பிடுறதும் இல்லை, படுக்கிறதும் இல்லை, இதைத்தான் பாக்கிறன். அதையும் பறிக்கப்போறியளே?"

முற்றத்தில் ஒரு ஆடு கத்தியது. கமலாதேவி திரையில் தெரிந்த நாடியை விரலால் தடவினாள். படம் நகர்ந்து, கீழே எழுத்து வந்தது.

"இது என்ன எழுதிக்கிடக்கு பிள்ளை? எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது."

கம்சிகா வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் மெலிந்தது.

"நிலா. வயது இருபத்துநாலு. ரொறன்ரோவில பிறந்தவ. பரதமும் பயணமும் விருப்பம்..."

"தாய் தகப்பன்?"

"அப்பிடி ஒண்டும் போடேல்லை அன்ரி."

"தாய் எண்டு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

கமலாதேவி கட்டி முடித்த வெங்காயப் பிடியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். அழுகை வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது வேறு.

"இந்த நாடியில கிடக்கிறது ரெண்டு வயசில அம்மியில விழுந்து வந்தது. ரத்தம் கொட்டக் கொட்ட நான்தான் தூக்கிக்கொண்டு வேலணை ஆஸ்பத்திரிக்கு ஓடினனான். பிள்ளைக்கு எட்டு மாதமாயிருக்கேக்கை தகப்பன் போனது. பிறகு தோட்டம் கொத்தி நான் வளத்த பிள்ளை. ஆரோ நிலாவாம். ரொறன்ரோவாம். செத்தவீட்டுக்கு வர நேரமில்லை, முகத்தை மட்டும் எடுத்து வைச்சிருக்கினம்." மூச்சு வாங்கினாள். "போய்ச் சொல்லுங்கோ. அவள் சரவணைத் துஷாந்தி எண்டு எழுதட்டும். தங்கட வேலைக்கு வரேக்கைதான் செத்தவள் எண்டு எழுதட்டும். அதுக்குப் பிறகு படத்தை வைக்கிறதோ எடுக்கிறதோ எண்டு நான் சொல்லுறன். நான்தான் சொல்லவேணும்."

பிறகு தன்னையே திருத்திக்கொண்டாள். "நீங்கள் ஏன் போய்ச் சொல்லவேணும்? நானும் வாறன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் கம்சிகா தன் கைப்பேசியில் 'கூறை'யின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நிலா அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரல். தழும்பு போயிருந்தது. அந்த இடத்தில் வழுவழுவென்று ஒன்றுமில்லாத தோல். கம்சிகா அதை அனோஜினியிடம் காட்டவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு ஒருத்தரும் மிசினைத் தொடுறேல்லை அக்கா. எல்லாரிட்டையும் நானே கதைக்கிறன்."

"தம்பியின்ர படிப்பு?"

"தெரியேல்லை" என்றாள் கம்சிகா. "ஆனா நாளைக்கு நான் செத்தாலும் என்ர முகம் அங்கை நிண்டு புடவை விக்கும். அதை நினைச்சால் கதிரையில இருக்கேலாது."

அன்று இரவே வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் தாய்மார் ஏசினார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. பிலோமினம்மா தன் பாட்டுக்குக் கடற்றொழிலாளர் சங்கத்துத் தலைவரிடம் போய், மழை வந்தால் பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ளச் சங்க மண்டபத்துப் பூட்டின் திறப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தாள். தன்னிடம் அவள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாதது அனோஜினிக்கு அழுகையை வரவழைத்தது.

மறுநாள் இருட்டோடு ஏறக்குறைய எல்லாரும் வழக்கமான நேரத்துக்கு வந்தார்கள். கல்வீட்டு வாசல் வரை வந்து நின்றார்கள். உள்ளே போகவில்லை. வராதவர்கள் இரண்டு பேர். ஜெயந்தா மட்டும் வந்து, ஒருவர் முகத்தையும் பாராமல் உள்ளே போனாள். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள். அவளை ஒருத்தியும் மறிக்கவில்லை.

ரொறன்ரோவில் சனம் சாப்பிட்டு முடித்துப் போனைக் கையில் எடுக்கிற நேரம். நிமலன் வெளியே வந்தான்.

"என்ன இது? பக்கம் அப்பிடியே நிக்குது. உள்ள வாங்கோ, கதைப்பம்."

"முதல்ல கதைப்பம், பிறகு உள்ள வாறம்" என்றாள் அனோஜினி. "துஷாந்தி உங்கட வேலைக்காரி எண்டு நீங்கள் ஒத்துக்கொள்ளவேணும். அவளின்ர பேரைப் போடவேணும். எங்களைக் கேக்காமல் எங்கட முகத்தில தொடக்கூடாது. இந்த இருட்டு வேலையும் இனி ஏலாது."

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நாங்கள்தான்."

"நீங்கள் இல்லாட்டியும் மிசின் படம் செய்யும். தெரியும்தானே?"

"செய்யட்டும்" என்றாள் கம்சிகா. "ஆறு விரலோட போடுங்கோ."

யாரோ சிரித்தார்கள். சிரித்ததுக்கு வெட்கப்பட்டதுபோல உடனே அடங்கினார்கள். நிமலன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெளிச்சம் வந்தது. இந்த நேரத்தில் வெளியே நின்று பார்த்து அவர்களுக்கு மாதக்கணக்காயிருந்தது. கரையிலிருந்து பிலோமினம்மாவும் இன்னும் சில பெண்களும் நனைந்த பாவாடையோடு வந்தார்கள். தேத்தண்ணிப் போத்தலும் பாணும் கொண்டுவந்திருந்தார்கள். முதல் பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சேலையில் கமலாதேவி இறங்கினாள். ஒருவரும் காட்டாமலே வாசலைப் பார்த்து நடந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

கதவு தட்டுகிற சத்தத்துக்கு நிமலன் வந்து திறந்தான்.

"ஆரம்மா நீங்கள்? என்ன வேணும்?"

கமலாதேவி அவனை அண்ணாந்து பார்த்தாள். "நான் துஷாந்தியின்ர தாய், தம்பி. என்னை நீங்கள் கண்டதில்லை."

நிமலன் கதவை அகலத் திறந்தான். "உள்ள வாங்கோ அம்மா. இருந்து கதைப்பம். நீங்கள் மட்டும் வாங்கோ."

"இந்தப் பிள்ளையளும் வரட்டும்."

"அம்மா, இது உங்கட விசயம். இவையளோட நான் பிறகு கதைக்கிறன்."

"என்ர பிள்ளை இவையோடதான் இருந்தவள்" என்றாள் கமலாதேவி. "இவை நிக்கிற இடத்தில நானும் நிக்கிறன். நீங்கள் யோசிச்சுப்போட்டு வாங்கோ."

கதவு திரும்பவும் சாத்தப்பட்டது. உள்ளே அவன் யாருடனோ ஆங்கிலத்தில் போனில் உரக்கக் கதைப்பது கேட்டது. கொஞ்சநேரம் கழித்துக் கதவு ஒரு கீற்றுத் திறந்தது. ஜெயந்தா வந்தாள். தோளில் பை, கையில் தன் கதிரையின் மெத்தை. கமலாதேவிக்குப் பக்கத்தில் படிக்கட்டில் அந்த மெத்தையைப் போட்டாள். "இதில இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

வெயில் ஏறியது. கதவு மூடியபடியே இருந்தது. அனோஜினி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாதேவி மெத்தையில் ஒருபக்கமாக நகர்ந்து இடம்விட்டு, அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு பிள்ளை. நிண்டு கால் உளையப்போகுது. இது இண்டைக்கு முடியிற காரியமில்லை."